கெரெத்தாரோவுக்குப் போகிறவர்களுக்கு

லாசால்,
12 பெப்ரவரி 1995

‘வடகரை’ ஆசிரியர் அவர்கட்கு,

என் பெயர் பேரின்பநாதன். லாசாலில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். ஊரில் ஒன்பது வருடம் அரசாங்க நில அளவையாளனாக இருந்தவன். உங்கள் சஞ்சிகையைத் தமிழ்க் கடையில் வாங்கித் தவறாமல் வாசிக்கிறேன். அதில் வரும் பயணக் கட்டுரைகள் லண்டனையும் பாரிஸையும் நயாகராவையும் விட்டு வெளியே வருவதில்லை. எழுதியவர்கள் அங்கே இரண்டு பகல்தான் நின்றார்கள் என்பதும் வாசிக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

இத்துடன் ஒரு கட்டுரை இணைத்துள்ளேன். தலைப்பு, ‘கெரெத்தாரோவுக்குப் போகிறவர்களுக்கு’. கெரெத்தாரோ மெக்சிக்கோவின் நடுப்பகுதியில் உள்ள நகரம். தலைநகரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். பெரிய நகரம் என்றும் சொல்ல முடியாது, சின்ன ஊர் என்றும் சொல்ல முடியாது. நான் அங்கே பதினொரு மாதம் இருந்தேன்.

முழுவதும் வாசிக்க உங்களுக்கு நேரமில்லாவிட்டால் இந்தப் பந்தியை மட்டுமாவது வாசியுங்கள்:

“சாந்தா குரூஸ் மடத்துக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. காலை எட்டு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். கீழே எழுபத்துநான்கு வளைவுகள் வரிசையாகப் பள்ளத்தைக் கடந்து போகும். இருநூற்று அறுபது வருடத்துக்கு முன்னர் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய பாலம் இது. இயந்திரம் எதுவுமில்லை, சரிவு மட்டும்தான். அந்தச் சரிவு ஓரிடத்தில் ஒரு சாண் பிழைத்திருந்தாலும் தண்ணீர் நகரத்துக்கு வந்திருக்காது. கட்டுவித்த பிரபுவின் சிலை நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. அதன் காலடியில் நான்கு கல் நாய்கள் வாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அவற்றையும் பாருங்கள்.”

அளவுகளை மாற்ற வேண்டாம். வளைவுகளை நானே இரண்டு தடவை எண்ணினேன்.

இங்ஙனம்,
க. பேரின்பநாதன்


ரொக்ஸ்பரோ,
27 பிப்ரவரி 1995

அன்புள்ள திரு. பேரின்பநாதன்,

சனிக்கிழமை காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கட்டுரையைப் பிரித்தேன். முடித்தபோது காபி அப்படியே ஆறிக் கிடந்தது. என் கணவர் மணிவாசகத்துக்கும் படித்துக் காட்டினேன். டாக்டர் தொழிலைத் தவிர வேறெதிலும் சுலபத்தில் அசராதவர் அவர். “யாரு இவர்? ஏதாவது காலேஜ்ல புரொபசரா?” என்று கேட்டார்.

கட்டாயம் போடுகிறேன், கோடை இதழில். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதை எழுதியவர் சுற்றுலாப் பயணி இல்லை என்பது எனக்கு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. லா குரூஸ் சந்தையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் தக்காளிப் பெட்டிகள் எந்த வாசல் வழியாக உள்ளே போகும் என்று எந்தச் சுற்றுலாப் பயணிக்குத் தெரியும்?

பதினொரு மாதம் அங்கே எப்படி இருந்தீர்கள்? யார் கொண்டுபோய் விட்டார்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? இவை எதுவுமே கட்டுரையில் இல்லை. அதையும் எழுதுங்கள். என் வாசகர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். படித்துவிட்டு அழுதுவிடுவார்கள்.

அன்புடன்,
அனுசூயா மணிவாசகம்


லாசால்,
6 மார்ச் 1995

ஆசிரியர் அவர்கட்கு,

கட்டுரையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. அது ஒருவரையும் அழவைக்க எழுதியதல்ல. வாசிக்கிறவர் ஒரு நாள் அங்கே போய் இறங்கினால் வழி தெரியாமல் நிற்கக்கூடாது என்பதற்காக எழுதியது.

போன இதழில் லண்டனைப் பற்றி எழுதிய எஞ்சினியரிடம் எப்படிப் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டீர்களா? அவர் கண்டதை எழுதினார், நீங்கள் போட்டீர்கள். நானும் கண்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி போடவும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பவும். முத்திரை ஒட்டிய உறை இணைத்துள்ளேன்.

க. பேரின்பநாதன்


லாசால்,
22 மே 1995

ஆசிரியர் அவர்கட்கு,

கோடை இதழ் கிடைத்தது. என் கட்டுரையில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் அதற்கு மேலே பெட்டி கட்டி நீங்கள் எழுதியது இது: “வெளிநாடு கூட்டிப்போவதாகப் பணம் வாங்கிய ஏஜென்சிக்காரனால் நடுவழியில் கைவிடப்பட்டு, பசியோடும் பயத்தோடும் அந்நிய நகரமொன்றில் அலைந்த ஓர் அகதியின் கண்ணீர் அனுபவம்.”

கட்டுரையில் எங்கே அம்மா கண்ணீர் இருக்கிறது? எந்தப் பந்தியில்?

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை இங்குள்ள தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் என் அறைக்கு வந்தார்கள். ஒரு பெட்டி நிறையப் பழைய குளிர்ச்சட்டைகள். “அண்ணை, உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் எண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சு” என்றார்கள். மே மாதம், அம்மா. வெளியே மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. என்னிடம் நல்ல குளிர்ச்சட்டை இருக்கிறது. நானே உழைத்து வாங்கியது. சனிக்கிழமை கடைக்குப் போனால் கடைக்காரர் கணேசலிங்கம் ஒரு பை அரிசியைச் சும்மா தர நிற்கிறார். எல்லோரும் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தண்ணீர்ப் பாலத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த இதழில் அந்தப் பெட்டியை விலக்கிக்கொள்வதாக அறிவிக்க வேண்டும்.

க. பேரின்பநாதன்


ரொக்ஸ்பரோ,
1 ஜூன் 1995

திரு. பேரின்பநாதன்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் புரிகிறது. நியாயம்தான் புரியவில்லை.

நான் எழுதியதில் எது பொய்? நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் உங்கள் ஊர்க்காரர்கள் எந்த வழியாக இங்கே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இந்தப் பத்திரிகையை ஆறு வருஷமாக என் சமையலறை மேஜையில் வைத்து, நானே டைப் அடித்து, நானே தபாலில் சேர்த்து நடத்துகிறேன். இங்கே வந்து முப்பது வருஷமாக வசதியாக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, நேற்று வந்தவர்கள் பட்டது தெரிய வேண்டும் என்றுதான் நடத்துகிறேன். வெட்கப்பட வேண்டியது நீங்களா, உங்களை அங்கே விட்டுவிட்டு ஓடியவனா?

அறிவிப்பு எதுவும் போடுவதாக இல்லை.

அனுசூயா மணிவாசகம்


லாசால்,
8 ஜூன் 1995

ஆசிரியர் அவர்கட்கு,

வெட்கம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அது உங்களுடைய சொல்.

எனக்கு அனுப்பிய மூன்று பிரதிகளையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி ‘வடகரை’ வாங்க மாட்டேன்.

க. பேரின்பநாதன்


ரொக்ஸ்பரோ,
14 நவம்பர் 1995

திரு. பேரின்பநாதன்,

இது பத்திரிகை சம்பந்தமான கடிதம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அத்தனை பேரும் ஒரே இரவில் வெளியேறிய செய்தியைப் படித்ததிலிருந்து உங்கள் நினைவாகவே இருக்கிறது. உங்கள் மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கடைக்காரர் கணேசலிங்கம் சொன்னார். அவரைப் பற்றித் தகவல் ஏதாவது கிடைத்ததா? பதில் போட மனமில்லை என்றால் வேண்டாம்.

அனுசூயா


லாசால்,
9 டிசம்பர் 1995

ஆசிரியர் அவர்கட்கு,

என் மனைவி தாட்சாயினி சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நேற்று அறிந்தேன். உயிருக்கு ஆபத்தில்லை. அவளை இங்கே அழைப்பதற்கான விண்ணப்பம் முன்னமே கொடுத்தாயிற்று. விசாரித்ததற்கு நன்றி.

‘வடகரை’ தொடர்பான என் முடிவில் மாற்றமில்லை.

க. பேரின்பநாதன்


கெரெத்தாரோ,
17 ஏப்ரல் 1996

அன்புள்ள பேரின்பநாதன்,

ஆமாம், கெரெத்தாரோவிலிருந்துதான் எழுதுகிறேன். என் கணவருக்கு மெக்ஸிகோ சிட்டியில் ஒரு மருத்துவ மாநாடு. அவரை அங்கே விட்டுவிட்டு உங்கள் கட்டுரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். மூன்று மணி நேரம், நீங்கள் எழுதியபடியே.

காலை எட்டு மணிக்கு மடத்துக்குப் பின்னால் நின்றேன். வெயில் வளைவுகளுக்குள் புகுந்து வருவதைப் பார்த்தபோது, நீங்கள் ஏன் ஒன்பது மணி என்றோ பத்து மணி என்றோ எழுதவில்லை என்று தெரிந்தது. நானும் எண்ணினேன். எழுபத்துமூன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். எழுபத்துநான்கு. நாய்கள் நான்கையும் பார்த்தேன். ஞாயிறு மாலை தோட்டத்து மண்டபத்தில் பேண்டு வாசித்தார்கள். வயதானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். ‘இடம் பிடிக்க ஐந்து மணிக்கே போங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். போனதால் இடம் கிடைத்தது.

பிறகு, லா குரூஸ் சந்தையில் றோசாவின் கடையில் கொழுத்த சோள ரொட்டி சாப்பிடச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அங்கே போனேன். துணைக்கு என் ஹோட்டலில் வேலை செய்யும் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணையும் கூட்டிக்கொண்டேன். ரொட்டி வருகிற வரைக்கும் பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தேன். றோசா அதிலிருந்த தமிழ் எழுத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “இன்ஹெனியெரோ! இன்ஹெனியெரோ!” என்று சந்தையையே கூட்டிவிட்டாள். எஞ்சினியர் என்று அர்த்தமாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் உட்கார்ந்து இதே எழுத்தில்தான் எழுதுவீர்களாம்.

அவள் சொன்னதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைப்பது சரியில்லை. நீங்கள் வந்த புதிதில் தக்காளி வாசலில் மயங்கி விழுந்ததைச் சொன்னாள். பெட்டி தூக்கியதைச் சொன்னாள். அவள் வீட்டு மொட்டை மாடியில் படுத்ததைச் சொன்னாள். “சும்மா கொடுத்தால் ஒரு ரொட்டி வாங்க மாட்டார். ஒரு பெட்டியாவது தூக்கி வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார்” என்றாள். ஞாயிறு வந்தால் நூல்கயிறும் குச்சியுமாகத் தெருத்தெருவாக அளந்துகொண்டு போவீர்களாம். முதலில் கேலியாகத்தான் எஞ்சினியர் என்று கூப்பிட்டார்களாம். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் ஹோட்டலில் அந்தப் பெண் எனக்கு நகர வரைபடம் ஒன்றைக் கொடுத்தாள். விருந்தினர் எல்லோருக்கும் கொடுக்கிற நகல். கையால் வரைந்தது. ஒவ்வொரு சந்தும் இருக்கிறது. மூலையில் வடக்கு காட்டும் அம்புக்குறி, அதன் மேல் ‘வ’ என்று தமிழில். “இது என்ன?” என்று கேட்டேன். “ஏதோ பறவை என்று நினைக்கிறோம். அழகாக இருக்கிறது, அதனால் அழிக்கவில்லை” என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே அப்படி ஒரு பெருமை வந்தது. “அது பறவை இல்லை, என் மொழி. வரைந்தவர் எனக்குத் தெரிந்தவர்” என்றேன். தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று பிறகு யோசித்தேன்.

பேரின்பநாதன், தப்பு செய்துவிட்டேன். நீங்கள் இந்த ஊரைக் காட்ட வந்தீர்கள். நான் உங்களைப் பிடித்துக் காட்சிக்கு வைத்துவிட்டேன். றோசா சொன்னதில் ஒரு வரிகூட அச்சில் வராது. வரைபடத்தின் நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது.

அனுசூயா


லாசால்,
5 மே 1996

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மேற்குப் பக்கம் ஒரு சந்து கொஞ்சம் கோணலாகிவிட்டது. நகல் எடுத்ததில் வந்த பிழையாக இருக்கலாம்.

றோசா சொன்னது முழுக்க உண்மை. அவவின் ஞாபகசக்தி அப்படி. சுகமாக இருக்கிறா என்று அறிந்ததே எனக்குப் பெரிய காரியம்.

நீங்கள் ஒருமுறை வெட்கமா என்று கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் கிழமை தாட்சாயினிக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் நிலைமையை நாலு வரி எழுதினேன். பிறகு யோசித்தேன். அங்கே அவளுடைய தலைக்கு மேல் பொம்பர் விமானம் பறக்கிறது. இந்த நாலு வரியை வைத்து அவள் என்ன செய்வாள்? அதைக் கிழித்துவிட்டு, அன்று காலை நான் நடந்த தெருக்களை எழுதினேன். தோட்டம், கோயில், ஒழுங்கை, சதுக்கம், நாய்கள். எழுதி முடித்தபோது இன்னொன்றும் எழுத வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு எழுதுவதற்குப் புதிதாக ஒன்று வேண்டும் அல்லவா? அதற்காகவே போய்ப் பார்த்தேன். பார்த்தால் அளக்க வேண்டும், அது தொழில் தந்த குணம். நாற்பத்தொரு கடிதம் எழுதினேன். பெட்டி தூக்கியது ஆறு நாள். ஏழாம் நாள் நான் நில அளவையாளன். கட்டுரை அந்த ஏழாம் நாளில் இருந்தவன் எழுதியது. அதன் தலையில் நீங்கள் மற்ற ஆறு நாளையும் தூக்கி வைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

தாட்சாயினிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. நான் அங்கே சுகமாக இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

உங்களுக்கு விருப்பமென்றால் கட்டுரையை மறுபடியும் போடலாம். வரைபடத்தோடு. மேலே பெட்டி வேண்டாம்.

க. பேரின்பநாதன்


ரொக்ஸ்பரோ,
20 ஜூன் 1996

அன்புள்ள பேரின்பநாதன்,

இதழ் இத்துடன். பெட்டி இல்லை. ‘எழுதியவரும் வரைபடம் வரைந்தவரும்: க. பேரின்பநாதன், நில அளவையாளர்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். லொங்குய்யிலிருந்து ஒருவர் போன் செய்தார். டிசம்பரில் குடும்பத்தோடு போகிறாராம், எந்தப் பக்கத்தில் தங்கினால் நடக்கச் சௌகரியம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். நம்பர் தரலாமா?

அனுசூயா


லாசால்,
24 ஓகஸ்ட் 1997

அன்புள்ள அனுசூயா அக்காவுக்கு,

தாட்சாயினி வந்துவிட்டாள். போன சனிக்கிழமை மிராபெல் விமான நிலையத்தில் ஆறு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். மெலிந்திருக்கிறாள். முதல் நாள் சாமான் எடுத்து வைத்தோம், சமைத்தோம், அவள் தூங்கினாள்.

அவளுடைய பெட்டியில் உடுப்பு குறைவு. என் கடிதங்கள் இருந்தன. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு. மற்ற மூன்றும் தபாலில் போய்ச் சேரவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது என்ன எடுத்தாய் என்று கேட்டேன். அரிசி, ஒரு சட்டி, இது என்றாள்.

மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். சுவரில் இருந்த வரைபடத்தை எழும்பிப் போய்க் கிட்ட நின்று பார்த்தாள். கனநேரம் விரலை வைத்துத் தேடினாள். பிறகு திரும்பி, “உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்” என்றாள்.

“கேள்.”

“முதலாங் கடிதத்திலை, தோட்டத்திலை நிண்டு கோயிலைப் பாத்தால் வலப்பக்க ஒழுங்கையாலை சதுக்கத்துக்குப் போகவேணும் எண்டு எழுதியிருக்கிறியள். ஏழாவதிலை இடப்பக்கம் எண்டிருக்கு. எது சரி?”

எனக்கு விளங்கவில்லை. இது ஏன் இப்போது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் பதினான்கு குடும்பம். பின்னேரங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவள் கடிதங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினாளாம், முதலில் தனக்கு, பிறகு பக்கத்துப் பாய்க்காரருக்கு, பிறகு எல்லாருக்குமாக. அங்கே அக்னெஸ் ரீச்சர் என்று கணக்குப் படிப்பித்த அம்மா ஒருவர். அவர் சோக்கை எடுத்து, கடிதத்தில் இருந்தபடி கரும்பலகையில் கெரெத்தாரோவைக் கீறத் தொடங்கியிருக்கிறார். தெருத்தெருவாக. பிள்ளைகள் அதைப் பார்த்து முற்றத்தில் கோடு போட்டு, சந்தைக்குப் போறம், பாலத்துக்குப் போறம் என்று விளையாடினார்களாம். எறிகணைச் சத்தம் கேட்ட நாட்களில், “பிள்ளை, அந்த வாத்தியக்காரர் கடிதத்தை வாசி” என்று கிழவர்கள் கேட்பார்களாம்.

அக்கா, நான் அவளைக் கவலைப்படுத்தாமல் இருக்கத்தான் எழுதினேன். அது பதினான்கு குடும்பத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைத்ததில்லை.

சண்டை வந்தது அந்த ஒழுங்கையில். மற்றத் தெருக்களையெல்லாம் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம்தான் பொருந்தும் என்று அக்னெஸ் ரீச்சர். “என்ரை மனுசன் சேவையர், முதல் எழுதினது பிழைக்காது, வலப்பக்கம்தான்” என்று இவள். இரண்டு நாள் முகம் பார்த்துக் கதைக்கவில்லையாம். கரும்பலகையில் அந்த ஒழுங்கையை மட்டும் இரண்டு பக்கமும் கீறி வைத்திருந்தார்களாம். அங்கேயிருந்து கிளிநொச்சிக்கு வெளிக்கிடும்வரை அது தீரவில்லை.

“சொல்லுங்கோவன். எந்தப் பக்கம்?”

நான் முதலாம் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் என்றுதான் இருக்கிறது. என் கையெழுத்துத்தான், வரி மேலும் கீழுமாகப் போகிறது. ஒன்பது வருடத்தில் நான் திசை பிழைத்ததில்லை, அக்கா. ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வாயில் வரவில்லை.

“இடப்பக்கம்தான். நான் பிழையா எழுதிப்போட்டன். அண்டைக்கு நான் சாப்பிட்டு ரெண்டு நாள். தலை சுத்திக்கொண்டிருந்தது.”

ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வந்து பக்கத்தில் இருந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அப்ப ரீச்சர் சொன்னதுதான் சரி” என்றாள். “கடிதத் தாள் இருக்கோ?”

மூலையில் இருக்கும் டெப்பனர் கடைக்கு இறங்கிப் போய் வாங்கி வந்தேன். அக்னெஸ் ரீச்சர் இப்போது வவுனியாவில், முகாமில். என் மேசையில் இருந்து ஒரே மூச்சில் எழுதினாள். தபாலில் போட என்னிடம் தந்தபோது ஒட்டியிருக்கவில்லை. வாசிக்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

நாலே வரிதான். “ரீச்சர், இடப்பக்கம்தான். நீங்கள் வெண்டிட்டியள். அண்டைக்கு அவர் சாப்பிடாமல் இருந்துதான் எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டுக் கடிதத்திலும் அவர் விட்ட பிழை இது ஒண்டுதான் எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ.”

உங்கள் தம்பி,
பேரின்பநாதன்